சங்கிலி ரம்பத்துக்குச் சந்தனம்

1

இங்கே மலேயாவில், ஈப்போவில் ஆயுத பூசை முந்தாநாள் முடிந்தது.

எங்கள் மர ஆலையில் தமிழ் ஆட்கள் சேர்ந்து பூசை போட்டார்கள். முதலாளி சீனர். இங்கே முதலாளியைத் தவுக்கே என்போம். அவரும் வந்து கைகூப்பி நின்றார். பொரியும் கடலையும் வாங்கித் தின்றார். பூசைக்கு முன்னால் ஓர் ஆள் சந்தனக் கிண்ணத்தோடு என்னிடம் வந்தான்.

"அண்ணே, கரண்டு ரம்பத்துல பொட்டு எங்க வைக்க?"

நான் கைப்பிடியைக் காட்டினேன்.

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது.

போன வருஷம் இதே பூசைக்கு நான் ராஜபாளையத்தில் இருந்தேன். இப்போது நம் ஊர்ப் பக்கத்து மரவாடிக்காரர்கள் சிலர் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே இந்த ரம்பம் ஒன்றிரண்டு வந்துவிட்டதாம். எப்படிப் பேணுவது, எப்படி அரம் போடுவது, கை போகாமல் எப்படி வேலை செய்வது என்று எழுத வேண்டுமாம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். தெரிந்த மட்டும் எழுதுகிறேன். ரம்பத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தப் பூசைதான் முன்னால் வந்து நிற்கிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் மரம் அறுக்கிற கூலி. குழியில் கீழாள். குழிக்கு மேலே மரம் கிடக்கும். மரத்தின் மேல் ஒருவன் நிற்பான். குழிக்குள் நான். நடுவில் ஆள் உயர ரம்பம். அவன் மேலே இழுப்பான், நான் கீழே இழுப்பேன். தூள் எல்லாம் என் கண்ணில். மலையிலிருந்து வருகிற வேங்கை மரத்தைக் குறுக்கே துண்டு போடுவதென்றால் காலையில் தொடங்கி வெயில் ஏறும் வரை இழுக்க வேண்டும். அதுதான் மரம் அறுப்பது என்று நினைத்திருந்தேன்.

கப்பலேறி இங்கே வந்த பிறகுதான் கரண்டு ரம்பத்தைப் பார்த்தேன். ஜெர்மனியிலிருந்து பெட்டியில் வந்தது. நாலு பேர் சேர்ந்து இறக்கினோம். ஒரு பக்கம் குடம் அளவு மோட்டார். அதிலிருந்து வாள் மாதிரி நீண்ட தகடு. தகட்டைச் சுற்றிப் பல் வைத்த சங்கிலி. மறு நுனியில் ஒரு கைப்பிடி. மோட்டார் பக்கம் ஓர் ஆள் பிடிக்க வேண்டும், நுனியில் ஓர் ஆள். நுனி ஆளை நாங்கள் வால்பிடி என்போம்.

என் மார்பு உயரத்துக்கு ஒரு மரம் கிடந்தது. மலாய்க் காட்டு மரம். கோடாலி போட்டால் கோடாலிதான் தெறிக்கும். சுவிட்சைப் போட்டார்கள். நான் வெற்றிலை மடித்து வாயில் போட்டேன். அதை மென்று முடிக்கவில்லை. மரம் இரண்டாய்க் கிடந்தது.

நான் கிட்டப் போய் வெட்டுவாயைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கரண்டு பார்க்கிற ஆள் ஒரு யாழ்ப்பாணத்தார். அவரிடம் கேட்டேன், "கம்பிக்குள்ள என்னங்க ஓடுது?"

"தொட்டுப் பாரும். தெரியும். பிறகு எங்களுக்குச் சொல்ல நீர் இருக்க மாட்டீர்" என்றார்.

இத்தனை வருஷம் ஆகிறது. என்ன ஓடுகிறது என்று இன்றும் தெரியாது. தினமும் காலையில் அந்தக் கம்பியைக் கையில் எடுக்கும்போது கோயிலுக்குள் நுழைகிற மாதிரி ஓர் அடக்கம் வருகிறது.

3

இனி வேலை.

ஆலைச் சங்கு ஊதுமுன் நான் வந்துவிடுவேன். முதல் காரியம், பிளக்கைப் பிடுங்குவது. சுவிட்சை அணைத்தால் போதும் என்று இருக்காதீர்கள். சுவிட்சை யாரும் தட்டலாம். முழங்கை பட்டாலே போதும். பிடுங்கிய பிளக்கை நான் என் இடுப்பில் சொருகிக்கொள்வேன். அரம் போட்டு முடிக்கும்வரை அது என் இடுப்பில்தான் இருக்கும். கைரம்பத்தை நாம் இழுக்காவிட்டால் அது சும்மா கிடக்கும். இது அப்படி இல்லை. கம்பி மாட்டியிருக்கும்வரை இது தூங்குகிறது, அவ்வளவுதான்.

பிறகு கம்பியை நீளம் முழுக்கக் கையால் உருவிப் பாருங்கள். மேலுறை கிழிந்திருந்தால் அதைச் சரிபண்ணாமல் ஓட்டாதீர்கள். ஈரத் தரையில் நின்று இந்த ரம்பத்தைத் தொடவே கூடாது.

ஓடி முடித்த சங்கிலி சுடும். ஆறவிடுங்கள். தகட்டை மரக்கட்டைகளுக்கு நடுவே அசையாமல் இறுக்குங்கள். சங்கிலியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் கணுக்கணுவாகப் பாருங்கள். ஒவ்வொரு கணுவையும் ஓர் ஆணி பூட்டியிருக்கும். ஆணி தளர்ந்திருக்கிறதா, கணு கீறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரம் போடுவதைவிட இதுதான் பெரிய வேலை. துடைக்காத சங்கிலியில் எதுவும் தெரியாது.

பல் ஒன்று இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அடுத்தது வலப்பக்கம். ஒரு பக்கத்துப் பல்லையெல்லாம் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். அரத்தைத் தள்ளும்போது மட்டும் பல்லில் படட்டும். திரும்பும்போது தூக்கிவிடுங்கள். பல்லின் கூர்முனையை விட்டுக் கை விலகிப் போகிற திசையில் தள்ளுங்கள். வழுக்கினாலும் கை காற்றுக்குத்தான் போகும். பிடிக்கிற கையில் சாக்குத்துணி சுற்றிக்கொள்ளுங்கள். எல்லாப் பல்லுக்கும் ஒரே அளவு. ஒரு பக்கம் கூடிப்போனால் வெட்டு அந்தப் பக்கமே வளையும்.

தகட்டின் விளிம்பில் காடி என்கிற ஒடுங்கிய பள்ளம் ஓடுகிறது. சங்கிலி அந்தக் காடிக்குள்தான் ஓடும். காடிக்கு எண்ணெய் போக ஊசி நுழைகிற அளவு ஒரு துளை உண்டு. இவ்வளவு பெரிய மிஷினின் உயிர் அந்தத் துளையில் இருக்கிறது. அது அடைபட்டால் சங்கிலி வறண்டு ஓடும், சூடேறும், இறுகும், அறும். சங்கிலியை ரொம்பத் தளர விட்டாலும் கழன்று அடிக்கும். நடுத்தகட்டில் விரலால் தூக்கினால் கொஞ்சம் எழும்பி, விட்டதும் தன்னால் போய் உட்கார வேண்டும். அதுதான் அளவு.

கூர்மையை விரலால் தடவிப் பார்க்காதீர்கள். மரம் சொல்லும். தூள் மாவாக வந்தால் பல் மொட்டை. செதிலாக வந்தால் கூர்.

என் மகள் லூர்து எப்போதாவது ஆலைப் பக்கம் வருவாள். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "அப்பா, சுடா?" என்பாள். மலாயில் 'முடிஞ்சுதா' என்று அர்த்தம். "இல்லம்மா" என்பேன். போய்விடுவாள். வெளியே சீனப் பிள்ளைகளோடு அவள் பேசுகிற பேச்சில் எனக்குப் பாதி புரியாது. பாதி புரிவதே எனக்கு ஆச்சரியம்தான்.

4

போன வருஷம் லீவு கிடைத்தது. அதற்கு அலைந்த அலைச்சல் தனி. போட்டோ ஒட்டிய தாள் ஒன்று. அதன் மேல் ஒரு முத்திரை. முத்திரையின் மேல் ஒரு கையெழுத்து. கையெழுத்துப் போடுகிறவர் அன்றைக்கு வரவில்லை. மறுநாள் அவர் வந்தார், முத்திரை வைத்திருக்கிறவர் வரவில்லை.

நாகப்பட்டினத்தில் இறங்கியதும் மூட்டையைப் பிரித்தார்கள். எண்ணெய்த் துணியில் சுற்றிய அரங்கள் இருந்தன. சும்மா ஊருக்குப் போகிறவன் அரம் எதற்குக் கொண்டுபோனேன் என்று கேட்டால் பதில் இல்லை. கை பழகிவிட்டது. ஆபீசர் ஒன்றை எடுத்துக் கேட்டார்.

"இது எதுக்கு?"

"பல்லு தேய்க்கங்க."

அவர் என் வாயை உற்றுப் பார்த்தார். பிறகு போகச் சொல்லிவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இப்போது எனக்கு வீடு இல்லை. ரயிலில் அதைத் தாண்டி ராஜபாளையத்துக்கே போனேன். அங்கே என் தங்கை ஆரோக்கியம் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் சவரிமுத்து மரவாடியில் வேலை. போனதும் தங்கை சொன்ன முதல் சேதி இதுதான்.

"அண்ணே, ஒங்க மாப்பிள்ளையும் இப்பக் கரண்டு ரம்பத்துலதான் நிக்காக. வாலுப்பக்கம் பிடிக்காகளாம்."

பெருமையாகச் சொன்னாள். இங்கே ஈப்போவில் ஒரு முறை சங்கிலி அறுந்து பார்த்திருக்கிறேன். அறுந்த சங்கிலி வால்பிடி பக்கம் வீசியது. சத்தம் காதில் விழுவதற்குள் அந்த ஆளின் கையில் விரல்கள் இல்லை. அவர் ஒரு சீனர். கத்தவில்லை. கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று ஆயுத பூசை. சாயங்காலம் மாப்பிள்ளையோடு மரவாடிக்குப் போனேன்.

5

மரவாடி முதலாளி தெலுங்கு பேசுகிறவர். தூத்துக்குடி வியாபாரி ஒருவரிடம் அந்த ரம்பத்தை வாங்கியிருந்தார். எண்ணெய் எஞ்சின் வைத்து டைனமோ ஓட்டிக் கரண்டு எடுத்தார். அறுப்பு வேலைக்குப் பொறுப்பு கருப்பையா மேஸ்திரி. கூமாப்பட்டிக்காரர். வயதானவர், நல்ல வேலைக்காரர். சூசை என்கிற என்னைக் குழி அறுப்பு நாளிலிருந்தே தெரியும்.

ரம்பத்தைப் பலகை மேல் வைத்திருந்தார்கள். பார்த்ததும் நின்றுவிட்டேன். மேஸ்திரி ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாகச் சந்தனம் அப்பி, ஒவ்வொன்றின் மேலும் குங்குமப் பொட்டு வைத்திருந்தார். கணுவுக்குக் கணு, காடி முழுக்கச் சந்தனம். தகட்டைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாய் ஒரு மாலை போட்ட மாதிரி இருந்தது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. நான் வேதக்காரன். எங்கள் கோயிலில் மாதாவுக்குக்கூட அவ்வளவு பொறுமையாக யாரும் அலங்காரம் செய்து நான் பார்த்ததில்லை.

"எப்படி இருக்கு சூசை? மலேயாவுல இப்படிச் செய்வானுகளா?"

"செய்ய மாட்டாக மேஸ்திரி. நாளைக்கு ஓட்டுறதுக்கு முன்னாடி கழட்டிக் கழுவிரணும்."

"கழுவவா? மொத வெட்டு விழுந்த பொறவுதாம்லே துணியே படணும். பூசை போட்ட ரம்பம் மரத்தைக் கடிக்கதுக்கு முன்னாடி தொடைக்கக் கூடாது. கப்பலேறுனா எல்லாம் மறந்துருமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார்.

மறுநாள் காலை நானும் போனேன். சந்தனம் காய்ந்து சுவர்ப் பூச்சு மாதிரி இறுகியிருந்தது. காடியில் நகம் நுழையவில்லை. எண்ணெய்த் துளை இருந்த இடமே தெரியவில்லை. வேங்கை ஒன்று கட்டை மேல் கிடந்தது. முதலாளி எலுமிச்சம்பழமும் சூடமும் வைத்துக்கொண்டு நின்றார். மோட்டார் பக்கம் மேஸ்திரி. வால்பக்கம் மாப்பிள்ளை. அவர் கைக்கும் சங்கிலி திரும்புகிற நுனிக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனார்.

"ஜாங்கான்!" என்று கத்திவிட்டேன்.

'செய்யாதே' என்பதற்கு மலாய்ச் சொல். பயத்தில் வாய்க்கு அதுதான் வந்தது. சொந்த ஊரில் நின்றுகொண்டு தமிழ் வரவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கி இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

"ஏலே, பிளக்கைக் குடு" என்றார் மேஸ்திரி.

"தர மாட்டேன் மேஸ்திரி."

"வேதக்காரனுக்கு எங்க சாமி மேல என்னலே கோவம்?"

"சாமி மேல கோவம் இல்ல. துளையில சந்தனம் அடைச்சிருக்கு. எண்ணெய் போகாது. சங்கிலி அறுந்துரும்."

"இதுவரைக்கும் அறாத சங்கிலி நீ வந்ததும் அறுந்துருமோ? ராசியான ஆளுதாம்லே நீ."

மாப்பிள்ளை ரம்பத்தை விட்டுவிட்டு என் கிட்ட வந்தார். மெதுவாகப் பேசினார்.

"மச்சான், மானத்தை வாங்காதீரும். நாளைக்கு நீரு கப்பலேறிப் போயிருவீரு. நான் இவிய மொகத்துலதான முழிக்கணும். வேலை போச்சுன்னா ஒம்ம தங்கச்சி பட்டினி கெடப்பா."

"கை போனா?"

அவர் திரும்பிப் போய் வால்பக்கக் கைப்பிடியை மறுபடி பிடித்துக்கொண்டார்.

"ஏமிரா இதி? நல்ல நேரம் போகுதே மேஸ்திரி. சட்டுனு முடிங்க" என்றார் முதலாளி.

மேஸ்திரி என் முன்னால் வந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கூமாப்பட்டியில என்னைப் பெத்த அய்யா மொத வெட்டுக்கு முன்னாடி ரம்பத்தைத் தொடைச்சாரு சூசை. அந்த வருசமே மரம் உருண்டு அவரு மேல ஏறிருச்சு. நாந்தான் கெடந்த எடத்துல இருந்து அள்ளுனேன். ஒன் தொளை எனக்குத் தெரியாது. இது எனக்குத் தெரியும். துணி படட்டும்னு சொல்லுத. இவன் மேல மரம் உருண்டா நீயா வந்து அள்ளுவ?"

மாப்பிள்ளையைத்தான் காட்டினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவரும் நானும் ஒரே ஆளுக்காகத்தான் பயந்துகொண்டிருந்தோம்.

மரத்தைப் பார்த்தேன், சங்கிலியைப் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"மேஸ்திரி, சாமிக்கு வெட்டுதான வேணும்?"

"ஆமா."

"கரண்டு வேணும்னு சாமி கேட்டுச்சா?"

அவர் என்னையே பார்த்தார்.

"சங்கிலியைத் தனியாக் கழட்டுவோம். சந்தனத்தைத் தொடைக்க வேண்டாம். ஆளுக்கொரு முனை பிடிப்போம். நீங்க இழுங்க, நான் இழுக்கேன். நான் குழியில நின்னவன்தான."

"கரண்டு ரம்பத்தைக் கையால இழுக்கவா?" என்று யாரோ சிரித்தார்கள்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. "கழட்டு" என்றார்.

6

பூட்டாணியைத் தட்டிச் சங்கிலியைப் பிரித்தேன். மரத்தின் மேல் குறுக்கே போட்டோம். சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு முனையை மேஸ்திரி பிடித்தார். மறு முனையை நான் பிடித்தேன். அவர் இழுத்தார். நான் இழுத்தேன். முதலில் சந்தனம் உதிர்ந்தது. குங்குமம் உதிர்ந்து பட்டையெல்லாம் சிவப்பாயிற்று. பிறகு பட்டை கிழிந்தது. பிறகு மரம் வந்தது. பல் மொட்டை, தூளாகத்தான் வந்தது. ஆனால் அவர் இழுப்பில் ஒரு தாளம் இருந்தது. எனக்கு அது மறக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு விரல் ஆழம் இறங்கியதும் "போதும்" என்றார். முதலாளி சூடம் ஏற்றினார்.

"நேரத்துக்குள்ள விழுந்துருச்சு" என்றார் மேஸ்திரி. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இப்பக் கழுவு" என்றார்.

சங்கிலியை மண்ணெண்ணெய்ச் சட்டியில் போட்டேன். காடியை ஆணியால் சுரண்டினேன். துளையில் மெல்லிய கம்பியை விட்டேன். சந்தனம் சின்னக் கட்டியாக வந்து விழுந்தது. பிறகு சங்கிலியை எடுத்துக் கணுக்கணுவாகத் துடைத்துப் பார்த்தேன். மேஸ்திரி பக்கத்தில் குந்தியிருந்தார்.

பாதிச் சங்கிலி தாண்டியதும் கை நின்றது. ஒரு கணுவில் கீறல். ஆணியிலிருந்து விளிம்பு வரை ஓடியிருந்தது. சந்தனத்தின் அடியில் மறைந்திருந்த கணு அது. பழைய கீறல், உள்ளே துரு ஏறியிருந்தது. ஒன்றும் சொல்லாமல் மேஸ்திரி கையில் கொடுத்தேன். அவர் இரண்டு கட்டைவிரலால் வளைத்தார். முறுக்கு மாதிரி ஒடிந்தது.

அவர் அந்தத் துண்டைப் பார்த்தார். வால்பக்கக் கைப்பிடியைப் பார்த்தார். தூரத்தில் பட்டை அள்ளிக்கொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"சூசை, பூசைக்கு மொத நாளு பூரா இதுலதாம்லே அறுத்தோம்."

"ஆமா மேஸ்திரி."

"நேத்து பூசைன்னு நிறுத்தலேன்னா?"

"நேத்தே அறுந்திருக்கும்."

"அப்போ நிப்பாட்டுனது யாரு?"

சந்தனம்தான் அந்தக் கீறலை மூடி வைத்தது. அந்தச் சந்தனத்துக்காகத்தான் ரம்பம் ஒரு நாள் முழுக்க ஓடாமல் கிடந்தது. துடைத்தால் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஓடாமல் கிடந்ததால்தான் அது அறுவதற்குள் துடைக்க நான் வந்து சேர்ந்தேன் என்பதும் உண்மை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒரு வருஷமாகப் பார்க்கிறேன். மேஸ்திரிக்குச் சொல்ல இன்னும் என்னிடம் பதில் வரவில்லை.

"இன்னைக்கு மரம் வேண்டாம்" என்று எழுந்து போனார்.

நீங்கள் பூசை போடுங்கள். பொட்டைக் கைப்பிடியில் வையுங்கள். மோட்டார் மூடியில் வையுங்கள். காடியையும் சங்கிலியையும் விட்டுவிடுங்கள். முதல் வெட்டு வேண்டுமென்றால் சங்கிலியைக் கழற்றிக் கையால் இழுத்து வெட்டுங்கள். பிறகு துடையுங்கள். பிறகு பாருங்கள். பிறகு கம்பியை மாட்டுங்கள்.

7

மத்தியானம் தங்கை சோறு கொண்டுவந்தாள். மரவாடிப் புளியமரத்தடியில் இலை போட்டாள். அவளுக்கு எதுவும் தெரியாது. யாரும் சொல்லவில்லை. ஒடிந்த கணுவை மாப்பிள்ளையிடம் காட்டியிருந்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். காலையிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை.

எதிரெதிரே உட்கார்ந்தோம். சோறு போட்டாள். மீன் குழம்பு ஊற்றினாள். மாப்பிள்ளை பிசையத் தொடங்கினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டைவிரல் சோற்றை அமுக்கியது. மற்ற விரல்கள் கூட்டி எடுத்தன. சுண்டுவிரலில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. கரண்டு ரம்பத்தை முதலில் பார்த்த அன்று எப்படி உட்கார்ந்திருந்தேனோ அதைவிட அசந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

"என்னண்ணே, சாப்பிடாம அவிய கையவே பாத்துக்கிட்டிருக்கீக?" என்றாள் தங்கை.

மாப்பிள்ளையின் கை நின்றது. அவரும் தன் கையைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"ஏட்டி, மச்சானுக்கு மீனே வைக்கலியே" என்றார்.

அவள் கரண்டியை எடுப்பதற்குள், தன் இலையில் கிடந்த மீன்துண்டை ஐந்து விரலாலும் எடுத்து என் இலையில் வைத்தார்.